கியோட்டோவில் இடமில்லை, கிசோவில் ஆளில்லை: ஜப்பானின் பழைய நடைவழிகள் எப்படி இயங்குகின்றன?

ஜப்பானைப் பற்றி இரண்டு விதமான செய்திகள் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருக்கின்றன. முதலாவது, கூட்டம் தாங்கவில்லை என்பது. 2024 ஏப்ரலில் கியோட்டோவின் கியோன் பகுதியில் உள்ள தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது என்று தடை போட்டார்கள். மீறினால் 10,000 யென் அபராதம். அடுத்த மாதமே ஃபுஜி மலை அடிவாரத்து ஊர் ஒன்றில், மலையைப் படம் எடுக்கச் சாலையோரம் முண்டியடித்தவர்களைத் தடுக்க, கறுப்புத் திரை கட்டி அந்தக் காட்சியையே மறைத்தார்கள். அந்தக் கோடையில் ஃபுஜியின் யோஷிதா ஏறுவழிக்கு ஆளுக்கு 2,000 யென் கட்டணமும், நாளுக்கு 4,000 பேர் என்ற வரம்பும் வந்தன.

இரண்டாவது செய்தி, ஊர்கள் காலியாகின்றன என்பது. 2023ஆம் ஆண்டின் வீட்டுக் கணக்கெடுப்பில் ஜப்பான் முழுவதும் ஆளில்லாத வீடுகள் 90 லட்சம் என்று தெரியவந்தது. கிட்டத்தட்ட ஏழு வீட்டுக்கு ஒரு வீடு. நடு ஜப்பானின் மலைப் பள்ளத்தாக்கான கிசோவும் அப்படி ஆள் குறைந்துவரும் பகுதிதான்.

இரண்டும் உண்மைதான். அதனால்தான் 'கூட்டமான இடங்களை விட்டுவிட்டு ஒதுக்குப்புறமான ஊர்களுக்குப் போங்கள்' என்ற அறிவுரை எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. அரசின் கொள்கையும் அதுவே. ஆனால் அந்த ஊர்கள் எப்படிப்பட்டவை, அங்கே பேருந்து ஏன் நாளுக்குச் சில முறை மட்டும் வருகிறது, விடுதியில் ஏன் மாலை 6 மணிக்கே சாப்பிடச் சொல்கிறார்கள், ஒருவர் போவதால் அந்த ஊருக்கு நன்மையா தொல்லையா என்பதையெல்லாம் யாரும் விளக்குவதில்லை. பகலில் வந்து படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவரால் அந்த ஊர்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. இரவு தங்குகிறவரால்தான் அவை நிற்கின்றன. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கூட்டம் ஏன் ஒரே கோட்டில் குவிகிறது?

2012இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 83 லட்சம் பேர். 2024இல் அது 3 கோடியே 68 லட்சம். 2025இல் 4 கோடியைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பேரும் நாடு முழுக்கப் பரவியிருந்தால் பெரிய சிக்கல் இல்லை. பரவவில்லை, அதற்குக் காரணங்கள் இவை:

1. யென் மதிப்பு சரிந்தது. 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 160 யென்னுக்கும் மேல் கிடைத்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் காணாத சரிவு அது. எட்டாத விலை என்று நினைத்திருந்த நாடு திடீரெனக் கைக்கு எட்டியது. அதனால் முதல் முறை வருகிறவர்கள் பெருகினார்கள்.

2. முதல் முறை வருகிறவர் பெரும்பாலும் ஒரே வழியில் போகிறார்: டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, ஓசாகா. இதற்குப் 'பொன் வழி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

3. அந்த வழியில் 1964 முதல் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஓடுகிறது. ஏறி உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரத்தில் டோக்கியோவிலிருந்து ஓசாகா. இவ்வளவு எளிதான வழி இருக்கும்போது, மலைக்குள் இரண்டு முறை வண்டி மாறிப் போக ஒரு வாரப் பயணத்தில் யாருக்கும் மனம் வராது.

இந்தப் பொன் வழி புதிதாக முளைத்ததும் இல்லை. ஷின்கான்சென் பெருமளவுக்குத் தொடர்வது தோக்காய்தோ என்ற பழைய கடலோரச் சாலையை. அந்தச் சாலைக்கு மலைக்குள் ஒரு உடன்பிறப்பு இருந்தது. அதைப் பார்ப்பதற்கு முன் சில சொற்களைத் தெரிந்துகொண்டால் மேலே படிப்பது எளிது.

தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

காய்தோ என்றால் நெடுஞ்சாலை. 1600களின் தொடக்கத்தில் நாட்டை ஆண்ட தொகுகவா படைத்தலைவர்கள், அதாவது ஷோகுன்கள், எதோ நகரிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, ஐந்து நெடுஞ்சாலைகளை ஒழுங்குபடுத்தினார்கள்.

ஷுகு அல்லது ஜுகு என்றால் சத்திர ஊர். நெடுஞ்சாலையில் குறிப்பிட்ட இடைவெளிகளில் அரசு ஏற்படுத்திய ஊர். ஆள், குதிரை, தங்குமிடம் மூன்றையும் தயாராக வைத்திருப்பது அந்த ஊரின் கடமை. சிற்றரசர் தங்குவது ஹொன்ஜின். சாதாரண வழிப்போக்கர் தங்குவது ஹதாகோ.

தோகே என்றால் கணவாய். மின்ஷுகு என்பது ஒரு குடும்பம் தன் வீட்டின் சில அறைகளில் நடத்தும் விடுதி. ரியோகான் அதைவிடப் பெரிய மரபு விடுதி. ஒன்சென் வெந்நீர் ஊற்று. இப்பாகு நிஷோகு என்றால் ஓர் இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு. கிராம விடுதிகளில் அறை வாடகை தனி, சாப்பாடு தனி என்று பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்பதே கணக்கு. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் முக்கியமாகப் போகிறது.

நகசென்டோ: மலைக்குள் போன நெடுஞ்சாலை

எதோவிலிருந்து கியோட்டோவுக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. கடலோரம் தோக்காய்தோ. மலை நடுவே நகசென்டோ, சுமார் 530 கிலோமீட்டர், 69 சத்திர ஊர்கள். மலை வழி நீளமானது, ஏற்ற இறக்கம் மிகுந்தது. அப்படியும் பலர் அதையே விரும்பியதற்குக் காரணம் ஆறுகள். தோக்காய்தோவில் ஓய் ஆற்றின் மேல் பாலம் கட்ட ஷோகுனாட்சி அனுமதிக்கவில்லை. தலைநகரின் பாதுகாப்புக்கான ஏற்பாடாக அதைச் சொல்வார்கள். பயணிகளைச் சுமையாட்கள் தோளில் தூக்கித்தான் ஆற்றைக் கடக்க வைத்தார்கள். மழை வந்து வெள்ளம் ஏறினால் நாள் கணக்கில் கரையில் காத்துக் கிடக்க வேண்டும். மலை வழியில் மூச்சு வாங்கும், ஆனால் என்றைக்குப் போய்ச் சேருவோம் என்பது தெரியும். 1861இல் பேரரசரின் தங்கை கசுநோமியா, ஷோகுனை மணக்க ஆயிரக்கணக்கானோர் சூழ எதோவுக்குப் போனது இந்த வழியில்தான்.

1635இல் சிற்றரசர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் எதோவுக்கு வந்து தங்கியே ஆக வேண்டும், மனைவி மக்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்பது சட்டமானது. பரிவாரத்தோடு ஊர்வலம் போக வேண்டியிருந்ததால் சாலைகள் ஓயாமல் இயங்கின. அதற்கேற்பக் காவலும் இறுகியது. கிசோ ஃபுகுஷிமாவில் இருந்த சோதனைச் சாவடி முக்கியமாகத் தேடியது இரண்டை: எதோ நோக்கிப் போகும் துப்பாக்கி, எதோவிலிருந்து வெளியேறும் பெண். துப்பாக்கி கலகத்தின் அறிகுறி. பெண் என்றால் பணயமாக இருக்கும் சிற்றரசர் மனைவி தப்பிப் போகிறாரோ என்ற சந்தேகம்.

இந்த நகசென்டோவில் நகனோ மாகாணத்தின் தென்மேற்கில் கிசோ பள்ளத்தாக்கு இருக்கிறது. பதினொரு சத்திர ஊர்கள் வரிசையாக இருந்த பகுதி. இன்றும் நடப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வருகிறார்கள். பாதையோரம் இச்சிரிசுகா என்ற மண்மேடுகளைக் காணலாம். ஒரு ரி, அதாவது சுமார் 3.9 கிலோமீட்டருக்கு ஒன்று. மேட்டின் மேல் மரம் வைத்திருப்பார்கள். தூரக் கணக்கும் ஆச்சு, வழிப்போக்கருக்கு நிழலும் ஆச்சு, வேர் மண்ணையும் பிடித்துக்கொள்ளும்.

காடு மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்கத் தோன்றும். நகரங்கள் கட்ட மரம் வெட்டி வெட்டி 1600களில் கிசோ மலைகள் மொட்டையாகத் தொடங்கின. அப்போது இந்தப் பகுதியை ஆண்ட ஓவாரி அரசு ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) உட்பட ஐந்து வகை மரங்களை ஊர்மக்கள் வெட்டத் தடை விதித்தது. 'ஒரு மரத்துக்கு ஒரு தலை' என்ற சொல் இன்றும் அங்கே வழங்குகிறது. ஊர்மக்களுக்கு அது கொடுமையான சட்டம். இன்று நடப்பவர் தலைக்கு மேல் காணும் காடு அந்தக் கொடுமையின் மிச்சம் என்பதை நினைத்துக்கொண்டே அதை ரசிக்க வேண்டும். இசே பெருங்கோயிலை இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டுவதற்கான ஹினோகி மரம் இன்றும் இங்கிருந்து போகிறது. 2033இல் நடக்கவிருக்கும் புதுப்பிப்புக்கு முதல் மரம் வெட்டும் சடங்கு 2025 ஜூனில் கிசோவின் அகெமாட்சுவில் நடந்தது.

சுமாகோ பிழைத்த கதை

இந்தப் பதினொன்றில் சுமாகோ என்ற ஊரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஜப்பானின் எந்தப் பழைய ஊரைப் புரிந்துகொள்ளவும் இது திறவுகோல்.

1. ஷோகுனாட்சி 1867இல் முடிந்தது. சிற்றரசர் ஊர்வலங்கள் நின்றன. சத்திர ஊரின் வேலையே போயிற்று.

2. 1911இல் கிசோ வழியாகச் செல்லும் சுவோ ரயில் பாதை முழுமையடைந்தது. அது ஆற்றோரமாகப் போனது. சற்றுத் தள்ளி இருந்த சுமாகோவைத் தொடவில்லை. ரயில் தொட்ட ஊர்கள் மாறின, வளர்ந்தன. சுமாகோ அப்படியே உறைந்தது.

3. காசு இல்லாததால் வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட யாராலும் முடியவில்லை. வறுமை பழைய வீடுகளைக் காத்தது. ஆனால் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். 1960களில் ஊரே இல்லாமல் போகும் நிலை.

4. 1968இல் வீடுகளைப் பழுது பார்க்கும் பணி தொடங்கியது. 1971இல் ஊரார் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள். அதன் சாரம் மூன்றே சொற்கள்: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே.

5. மின்கம்பங்கள் பார்வையில் படாதபடி மாற்றப்பட்டன. பகல் நேரத்தில் முதன்மைத் தெருவில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

6. 1975இல் சட்டம் திருத்தப்பட்டு, தனி ஒரு கட்டடத்துக்குப் பதிலாக ஊர்த்தெரு முழுவதையும் காக்க வழி பிறந்தது. 1976இல் முதல் தவணையாக ஏழு பகுதிகள் தேர்வாயின. அதில் சுமாகோ ஒன்று.

அந்த முதல் ஏழில் கியோட்டோவின் கியோன் ஷிம்பாஷியும் ஒன்று. ஒரே ஆண்டு, ஒரே சட்டம். இன்று கியோனில் சந்துகளை மூட வேண்டிய நிலை. சுமாகோவில் மாலை 5 மணிக்குப் பிறகு நம் காலடிச் சத்தமே நமக்குக் கேட்கும் அளவுக்குத் தெரு அமைதியாகிவிடுகிறது. சட்டம் ஊரின் தோற்றத்தைத்தான் காக்கும். எவ்வளவு பேர் வரலாம், வந்தவர் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை.

'வாடகைக்கு விடாதே' என்ற விதியை வெளியூர்க்காரர் பிடிவாதமாக நினைக்கலாம். என் கணிப்பில் அந்தச் சாசனத்தின் உயிரே அதுதான். வாடகைக்கு விடலாம் என்றால் வெளியூர் நினைவுப்பொருள் கடைகள் வரும். காலையில் திறந்து மாலையில் பூட்டிக்கொண்டு போவார்கள். ஊர் ஒரு கடைத்தெருவாகிவிடும். விதி இருப்பதால் வீட்டில் வீட்டுக்காரரே இருக்க வேண்டியிருக்கிறது. அவர் பிழைக்க இருக்கும் வழிகளில் முக்கியமானது விடுதி நடத்துவது. ஆக, இரவு தங்குபவர் வந்தால் மட்டுமே அந்தச் சாசனம் நடைமுறையில் நிற்கும். அதற்கு மறுபக்கமும் உண்டு: பிள்ளைகள் நகரத்துக்குப் போய், பெரியவர்களும் மறைந்தால், அந்த வீட்டை வேறு யாரிடமும் எளிதாக ஒப்படைக்க முடியாது. ஊரைக் காத்த விதியே வருங்காலத்தில் அதன் நெருக்கடியாகவும் ஆகலாம்.

சுமாகோவிலிருந்து அடுத்த சத்திர ஊரான மகோமேக்குப் பாதை சுமார் 8 கிலோமீட்டர். மெல்ல நடந்தால் மூன்று மணி நேரம். நடுவில் சுமார் 800 மீட்டர் உயரத்தில் மகோமே கணவாய். மகோமே 2005 வரை நகனோ மாகாணத்தில் இருந்தது. கிராம இணைப்பில் கிஃபு மாகாணத்துக்கு மாறிவிட்டது. வழியில் ஒரு பழைய தேநீர் வீட்டில், நடந்து வருபவர்களுக்கு உள்ளூர்த் தொண்டர்கள் காசு வாங்காமல் தேநீர் கொடுக்கிறார்கள். தண்ணீர்ப் பந்தல் கண்ட நமக்கு அதன் பொருள் உடனே புரியும்.

குமானோ: ஒரு நகராட்சி யோசித்துச் செய்த வேலை

கிசோ வணிகர்களும் அரசர்களும் போன சாலை. குமானோ கோடோ வேறு வகை, அது கோயிலுக்குப் போகும் பாதயாத்திரை வழி. ஓசாகாவுக்குத் தெற்கே கீ தீபகற்பத்தின் மலைகளில் ஹொங்கு, ஹயதாமா, நாச்சி என்ற மூன்று பெருங்கோயில்களை நோக்கிப் பல பாதைகள் போகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரியணை துறந்த பேரரசர் கோ-ஷிரகாவா முப்பதுக்கும் மேற்பட்ட முறை இங்கே வந்தார். பின்னாளில் எளிய மக்களும் அணியணியாக வந்தபோது 'எறும்புகளின் குமானோ யாத்திரை' என்ற தொடரே வழக்கில் வந்தது.

2004இல் இந்தப் பாதைகள் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயின. உடனே நடந்தது என்ன? உள்நாட்டுச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டின. மக்கள் இறங்கினார்கள், பாதையில் அரை மணி நேரம் நடந்தார்கள், ஏறிப் போனார்கள். பாதை தேய்ந்தது, ஊருக்கு எதுவும் மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டு பல கிராமங்களை இணைத்து உருவான தனாபே நகரம், 2006இல் ஒரு சுற்றுலா அமைப்பை நிறுவி வேறு முடிவு எடுத்தது: கும்பலாக வருகிறவர்களை விட, தனியாக வந்து பல நாள் நடக்கிறவர்களே நமக்கு வேண்டும். அதற்காக அவர்கள் செய்தவை வெளியில் தெரியாத சாதாரண வேலைகள். அதனால்தான் அவை என்னைக் கவர்கின்றன.

1. பெயர்ப்பலகைகளில் ஒரே கோயிலின் பெயர் ஆங்கில எழுத்தில் பலவிதமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினார்கள். நகஹெச்சி என்ற முதன்மைப் பாதையில் 500 மீட்டருக்கு ஒரு எண் போட்ட கம்பம் நிற்கிறது. வழி தவறினாலோ காலில் அடிபட்டாலோ எண்ணைச் சொன்னால் போதும்.

2. விடுதி நடத்தும் முதிய குடும்பங்களுக்கு வெளிநாட்டவரோடு எப்படிப் பேசுவது, உணவுக் கட்டுப்பாடுகளை எப்படிக் கேட்பது என்று பயிற்சி கொடுத்தார்கள்.

3. அந்தக் குடும்பங்களால் இணையத்தில் முன்பதிவு வாங்க முடியாது. எனவே அமைப்பே நடுவில் நின்று எல்லா விடுதிகளுக்கும் ஒரே இடத்தில் பதிவு எடுத்தது. நான்கு அறை உள்ள மின்ஷுகுவும் உலகத்தோடு இணைந்தது.

தகிஜிரியிலிருந்து ஹொங்கு வரை சுமார் 38 கிலோமீட்டர், இரண்டு நாள் நடை, நடுவில் சிக்கசுயு கிராமத்தில் ஓர் இரவு. இதே மலைத்தொடரில் கோயாசான் மடங்களிலிருந்து தெற்கே ஹொங்குவுக்கு வரும் கோஹெச்சி பாதை சுமார் 70 கிலோமீட்டர். 1,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்களைத் தாண்ட வேண்டும், நான்கு நாள் ஆகும். முதலாவது நல்ல உடல்நிலை உள்ள யாருக்கும் உரியது. இரண்டாவது, மலை நடந்து பழகியவருக்கு மட்டும்.

இன்னும் இரண்டு நெடும் வழிகள்

ஷிகோகு தீவைச் சுற்றி 88 கோயில்களை இணைக்கும் வழி சுமார் 1,200 கிலோமீட்டர். ஷிங்கோன் பௌத்தத்தை நிறுவிய கூகாய் (774–835) பெயரால் நடப்பது. முழுதாக நடந்தால் ஒன்றரை மாதம் ஆகும். 'இருவராகச் செல்கிறோம்' என்ற சொற்களை யாத்திரிகர் தொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். தனியே நடப்பவரோடு கூகாய் கூடவே வருகிறார் என்பது நம்பிக்கை. வழியில் ஊர்க்காரர்கள் பழமோ தேநீரோ சில்லறையோ நீட்டுவார்கள், ஒசெத்தாய் என்று பெயர். மறுக்கக் கூடாது. கொடுப்பவருக்கும் புண்ணியத்தில் பங்கு இருக்கிறது.

அடுத்தது மிகப் புதியது. 2011 மார்ச் 11 சுனாமி சிதைத்த வடகிழக்குக் கடற்கரையில், ஹச்சினோஹேவிலிருந்து சோமா வரை 1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மிச்சினோகு கடலோர நடைவழி. சுற்றுச்சூழல் அமைச்சகம் ஊர் ஊராகப் பேசி உருவாக்கியது; 2019 ஜூனில் முழுதும் திறந்தார்கள். நடந்துபோகிறவர் பாறைக் கடலோரத்தையும் பார்க்கிறார், புதிதாக எழுப்பிய கடல் சுவர்களையும் பார்க்கிறார்.

விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன?

சரி, இப்போது நடைமுறைக்கு வருவோம். இந்த ஊர்களில் பயணிகளை எரிச்சலூட்டும் விஷயங்கள் பல, ஆள் குறைவு என்ற ஒரே வேரிலிருந்து முளைத்தவை. வேர் தெரிந்தால் எரிச்சல் போய்விடும்.

1. பேருந்து குறைவு. பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும்தான் அதன் வழக்கமான பயணிகள். நேர அட்டவணை அவர்களுக்கானது. பல தடங்கள் உள்ளாட்சி மானியத்தில் ஓடுகின்றன. 2024 ஏப்ரலில் ஓட்டுநர்களின் வேலை நேர விதிகள் இறுகின. ஏற்கெனவே ஓட்டுநர் பற்றாக்குறை. எனவே முதலில் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி நாளைத் திட்டமிடுவதே புத்திசாலித்தனம்.

2. மாலை 6 மணிச் சாப்பாடு. மின்ஷுகுவில் சமைப்பவர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர், மறுநாள் விடியற்காலை எழுந்து காலை உணவு செய்பவர் எல்லாம் ஒரே ஆள் அல்லது ஒரு தம்பதி. எட்டு மணிக்கு வந்தால் அவர்கள் தூங்க நள்ளிரவு ஆகிவிடும்.

3. முன்பதிவு இல்லாமல் வராதே. இத்தனை பேர் என்று தெரிந்த பிறகே மீனும் காய்கறியும் வாங்குகிறார்கள். கடைசி நேரத்தில் ஓர் அறையை ரத்து செய்தால் நான்கு அறை விடுதிக்கு அது அன்றைய வருமானத்தில் கால் பங்கு.

4. சைவ உணவு. இது நம் வாசகர்கள் பலருக்கு முக்கியம். காய்கறி மட்டும் கண்ணில் படும் கிண்ணத்திலும் தாஷி என்ற சாறு இருக்கும். அதன் அடிப்படை பெரும்பாலும் உலர்த்திய பொனிட்டோ மீன். கடற்பாசியிலிருந்தும் தாஷி செய்யலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். வந்து இறங்கிய பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, வருந்துவார்கள். கோயாசானில் சுமார் ஐம்பது மடங்கள் தங்க இடம் தருகின்றன. அங்கே துறவிகளின் உணவான ஷோஜின் ர்யோரி கிடைக்கும். இறைச்சி, மீன், வெங்காயம், பூண்டு எதுவும் அதில் சேராது.

5. ரொக்கம். மலை ஊர்களில் அட்டை செல்லாத இடங்கள் இன்னும் உண்டு. தானியங்கி இயந்திரம் தேடி அலைய வேண்டாம், நகரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

6. கரடி. கிசோ பாதையில் ஆங்காங்கே மணி தொங்கும். கடந்து போகும்போது அடிக்க வேண்டும். சத்தம் கேட்டால் கரடி பெரும்பாலும் விலகிப் போகும். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை ஜப்பானில் 219 பேர் கரடியால் தாக்கப்பட்டார்கள், ஆறு பேர் இறந்தார்கள். 2025 இலையுதிர்காலம் அதைவிட மோசம். அகிதா மாகாணத்துக்குத் தற்காப்புப் படையினரையே அனுப்ப வேண்டியதாயிற்று. காட்டில் பீச், ஓக் விதைகள் விளையாத ஆண்டுகளில் கரடிகள் இறங்கி வருகின்றன என்பது ஒரு காரணம். இன்னொன்று, முன்பு காட்டுக்கும் ஊருக்கும் நடுவே வயலும் விறகுக்காடும் இருந்தன, அவற்றில் ஆள் நடமாட்டம் இருந்தது. ஊர் காலியானதும் அந்த இடைவெளி புதராகிவிட்டது. கரடி பற்றிய செய்தியும் காலி வீடுகள் பற்றிய செய்தியும் உண்மையில் ஒன்றோடொன்று ஒட்டியவை. நடக்கப் போகும் பகுதியின் அன்றைய எச்சரிக்கையை விடுதியில் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். ஜூன் மழைக்காலம், செப்டம்பர் சூறாவளிக்காலம். ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் வரும் தொடர் விடுமுறையிலும், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வழிபடும் ஒபோன் நாட்களிலும் நாடே பயணத்தில் இருக்கும். குளிர்காலத்தில் கிசோ கணவாய்களில் பனி கிடக்கும்.

பகலில் வருபவரும் இரவு தங்குபவரும்

இப்போது முதலில் சொன்ன கருத்தைக் கணக்காகப் பார்க்கலாம். பகலில் வருபவர் சுமாகோவில் ஒரு கோஹேமோச்சி வாங்குகிறார்: சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, அக்ரூட் சேர்த்த சாந்து தடவிச் சுட்டது. கழிவறையைப் பயன்படுத்துகிறார், படம் எடுக்கிறார், நகோயாவுக்குத் திரும்பி அங்கே சாப்பிட்டு அங்கே தங்குகிறார். இரவு தங்குபவர் இப்பாகு நிஷோகு கட்டணம் செலுத்துகிறார். அதில் ஒரு பங்கு பக்கத்து வயல்காரருக்கு, இன்னொரு பங்கு ஆற்று மீன் வளர்ப்பவருக்கு, சாகே என்ற அரிசி மது வடிப்பவருக்குப் போகிறது. வெந்நீர் ஊற்று உள்ள ஊரானால் குளியல் வரி என்று ஆளுக்குப் பொதுவாக 150 யென் சேரும். அது நேரே உள்ளாட்சிக்குப் போய், ஊற்றின் பராமரிப்புக்கும் தீயணைப்புக்கும் சுற்றுலா வசதிகளுக்கும் செலவாகிறது.

மகோமே–சுமாகோ பாதையே இப்போது கூட்டத்தின் ருசியைக் கண்டுவிட்டது. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் நண்பகலில் வரிசையாக நடக்கிறார்கள். 'யாருக்கும் தெரியாத இடம்' என்று எழுதி எழுதியே தெரிந்த இடமாக்கியாகிவிட்டது. எனவே அங்கே போனால் மூன்று மணிக்கு மேல் ஊருக்குள் வந்து, தங்கி, காலை எட்டு மணிக்கு முன் நடக்கத் தொடங்குங்கள். கூட்டத்தோடு உரசவே வேண்டியிராது.

அல்லது அதே கிசோவில் வடக்கே போகலாம். நராய் சத்திர ஊர் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத் தெரு. மெல்லிய மரச்சட்டங்கள் நெருக்கமாக நின்ற சன்னல்கள், தெருவோரம் ஓடிக்கொண்டே இருக்கும் மலைநீர்த் தொட்டிகள். அங்கிருந்து 1,197 மீட்டர் உயரமுள்ள தோரீ கணவாயை ஏறி இறங்கினால், மரச் சீப்புக்குப் பேர்போன யபுஹரா. சுமார் 6 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் ரயில் நிலையம் இருக்கிறது. கணவாயின் உச்சியருகே பெரிய தொச்சி மரங்கள் நிற்கின்றன. வானம் தெளிவாக இருந்தால் மேற்கே ஒந்தாகே மலை தெரியும். அந்த மலையை நோக்கி வணங்கவே இங்கே தோரீ, அதாவது கோயில் வாயில், வைத்தார்கள். கணவாயின் பெயர் அதனால் வந்தது.

பாதையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

நடைவழி என்றால் அது தானாகவே கிடக்கும் என்று நினைக்கிறோம். கீ தீபகற்பத்தில் அது நடக்காது. ஓவாசே போன்ற கிழக்குக் கடலோர ஊர்களில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அந்தப் பக்கமாகப் போகும் இசேஜி பாதையில் முன்னோர்கள் பெரிய கற்களைப் பாவியதற்குக் காரணமே இதுதான். கல் இல்லாவிட்டால் ஒரு பருவ மழையில் பாதை ஓடையாகிவிடும். மண்பாதைகளில் ஒவ்வொரு மழையும் மேல் மண்ணை அடித்துப் போகிறது, நடப்பவர் காலடிகளும் சேர்ந்துகொள்கின்றன, வேர்கள் வெளியே வருகின்றன. உலக மரபுச் சின்னம் என்பதால் கான்கிரீட் போட்டு மூடிவிட முடியாது. மண்ணைத்தான் திரும்பக் கொண்டுபோய்ப் போட வேண்டும். 2011 செப்டம்பரில் சூறாவளி கீ மலைகளைச் சரித்தபோது பாதைகள் பல இடங்களில் அறுந்தன, மறுபடி போட்டார்கள்.

ஊரார் கூடிப் பாதை செப்பனிடும் இந்த வேலைக்கு மிச்சிபுஷின் என்று பழைய பெயர் உண்டு. முன்பு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் வர வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. இப்போது வீட்டில் ஆள் இல்லை. அதனால் குமானோ பாதைகள் பெரும்பாலும் உள்ள வகயாமா மாகாணத்தில் வெளியூர்த் தன்னார்வலர்கள், நிறுவன ஊழியர்கள், பள்ளி மாணவர்கள் ஆகியோரை அழைத்துச் செய்கிறார்கள். அடிவாரத்தில் மூட்டைகளில் மண் வைத்திருப்பார்கள். வருகிறவர் தன்னால் முடிந்த அளவு தூக்கிக்கொண்டு ஏறி, அரித்துப்போன இடத்தில் கொட்டி, மரக்கட்டையால் தட்டி இறுக்கிவிட்டு இறங்குகிறார். அடுத்த மழைக்காலம் வரை அந்த இடம் தாங்கும்.